ஓசையற்ற அழுகை: குழந்தை இதய அறுவையும் வலியின் சாட்சியமும்

குழந்தைகளுக்கான இதய அறுவை சிகிச்சையின் வரலாறு பெரும்பாலும் அறுவைக்கூடத்தின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. எந்த ஆண்டு, எந்த நகரம், எந்த மருத்துவர் எந்தக் குழாயை எதனுடன் இணைத்தார் என்ற விவரங்கள் நூல்களில் நிறைந்து கிடக்கின்றன. தையலிட்டு முடித்துக் குழந்தையை வார்டுக்குக் கொண்டுசென்ற பின் நிகழ்ந்தவற்றுக்கு ஒரு வரி போதுமெனக் கருதப்பட்டது: குழந்தை தேறியது, அல்லது தேறவில்லை. ஆனால் 1980களில் இத்துறையை உலுக்கிய கேள்வி எழுந்த இடம் அந்த வார்டுதான். அறுவை முடிந்து திரும்பிய குழந்தையின் கட்டிலருகே நின்ற ஓர் இளம் இந்திய மருத்துவர், இக்குழந்தைகள் ஏன் இவ்வளவு மோசமான நிலையில் திரும்பி வருகின்றன என்று கேட்டார். அதற்கு விடை தேடியபோது, ஏறத்தாழ நாற்பதாண்டுகாலம் மருத்துவ உலகம் ஒரு சாட்சியை ஏற்க மறுத்து வந்திருந்தது தெரியவந்தது.

இன்று இதய அறுவை முடிந்த பச்சிளங்குழந்தை ஒன்று தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கும் நிலையை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். மார்பின் நடுவே நீண்ட தையல். வீக்கம் வடியும்வரை மார்பெலும்பை மூடாமல், மெல்லிய சவ்வால் மட்டும் போர்த்தி வைப்பதும் உண்டு. மார்பிலிருந்து குருதியும் நீரும் வடியக் குழாய்கள், இதயத் துடிப்பு தடுமாறினால் உதவ வெளியே நீட்டப்பட்ட மெல்லிய கம்பிகள், இரத்த அழுத்தத்தை நொடிதோறும் காட்டத் தமனிக்குள் ஓர் ஊசி, மூச்சுக்குழாய்க்குள் வெண்டிலேட்டரின் குழாய். அறுவைக்குப் பிந்தைய முதல் இரவில் இதயத்தின் ஆற்றல் மேலும் குறைந்து பின்னரே மெல்ல ஏறும் என்பதால், அந்தச் சில மணிநேரத்தைச் செவிலியரும் மருத்துவரும் கண்கொட்டாமல் கடக்கின்றனர்.

அந்த மூச்சுக்குழாய்க் குழாய்தான் இக்கட்டுரைக்கு முதன்மையானது. அது குரல்வளை மடல்களுக்கிடையே நுழைந்து செல்கிறது. நுரையீரலிலிருந்து மேலெழும் காற்று அம்மடல்களை அதிர்விப்பதால் குரல் பிறக்கிறது என்பது ஒலியியலின் பாலபாடம். தொல்காப்பியப் பிறப்பியலும் உந்தியிலிருந்து எழும் காற்றைக் கொண்டே எழுத்தொலியின் தோற்றத்தை விளக்கத் தொடங்குகிறது. வெண்டிலேட்டரில் இருக்கும் குழந்தைக்குக் காற்று அவ்வழியே செல்வதில்லை. வாய் அகலத் திறக்கும், முகம் சிவந்து சுருங்கும், கண்ணோரம் ஈரம் தோன்றும், ஓசை வராது. அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்னும் ஊரில் அழவே வழியில்லாத பிள்ளையின் கதி என்ன என்பதுதான் இந்த வரலாற்றின் உட்பொருள்.

1938 ஆகஸ்ட் 26 அன்று பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் ராபர்ட் கிராஸ் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தியின் மார்பைத் திறந்து ஒரு சிறு குழாயைக் கட்டினார். கருவில் இருக்கும்போது குழந்தையின் நுரையீரல் வேலை செய்வதில்லை. எனவே இரத்தம் அதைத் தவிர்த்துச் செல்ல இயற்கை ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. டக்டஸ் எனப்படும் அக்குழாய் பிறந்த சில நாள்களில் தானே மூடிக்கொள்ள வேண்டும். மூடாவிட்டால் நுரையீரலுக்குள் இரத்தம் வெள்ளமெனப் பாய்கிறது. கிராஸ் அதைக் கட்டியது பிறவி இதயக் குறைகளுக்கான அறுவையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகிறது. தலைமை மருத்துவர் வில்லியம் லாட் விடுமுறையில் இருந்தபோதுதான் கிராஸ் இத்துணிச்சலான செயலைச் செய்தார் என்பது பாஸ்டனில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

அடுத்த பெரும் நிகழ்வு 1944 நவம்பர் 29 அன்று பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. எய்லீன் சாக்ஸன் என்னும் 15 மாதக் குழந்தை ஏறத்தாழ 4 கிலோ எடையே இருந்தது. நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாததால் உதடும் நகமும் நீலம் பாரித்திருந்தன. கைக்குச் செல்லும் தமனியைத் திருப்பி நுரையீரல் தமனியுடன் இணைக்கும் யோசனைக்கு வித்திட்டவர் குழந்தை இதயநோய் மருத்துவர் ஹெலன் டாசிக். அறுவையைச் செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலக். நாய்களில் அம்முறையைப் பலமுறை செய்து பார்த்துத் தேர்ந்தவரோ, கல்லூரிப் பட்டம் ஏதுமில்லாத கறுப்பின ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ். அறுவை நடந்த நேரம் முழுதும் அவர் பிளாலக்கின் பின்னே ஒரு பலகைமேல் நின்று வழிகாட்டினார். அவருக்குரிய ஏற்பு கிடைக்கப் பல பத்தாண்டுகள் ஆயின. அது தனியே எழுத வேண்டிய வரலாறு.

இங்கே கவனிக்கத்தக்கவர் அதிகம் பேசப்படாத இன்னொருவர். மயக்க மருந்துத் துறையின் பொறுப்பிலிருந்த ஆஸ்டின் லமான்ட், இவ்வளவு நலிந்த குழந்தைக்கு மயக்கம் கொடுக்க இயலாதென்று மறுத்துவிட்டார். அவரிடம் பயின்றுகொண்டிருந்த மெரல் ஹார்மெல் அப்பொறுப்பை ஏற்று ஈதரைக் கொடுத்தார். அதாவது, வரலாற்றின் முதல் நீலக்குழந்தை அறுவை மயக்கத்தின் கீழ்தான் நடந்தது. அறுவைக்குப் பின் எய்லீன் வாரக்கணக்கில் தத்தளித்து, ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்குப் பிறகு வீடு திரும்பியது. சில மாதங்களில் மீண்டும் நீலம் பாரித்தது. மறு அறுவையும் கைகொடுக்கவில்லை. மூன்றாம் பிறந்தநாளைக் காணாமல் இறந்தது. ஆயினும் 1945 மே மாதம் வெளியான பிளாலக்-டாசிக் கட்டுரையைப் படித்தும் கேள்விப்பட்டும் நூற்றுக்கணக்கான பெற்றோர் நீலக்குழந்தைகளைச் சுமந்துகொண்டு பால்டிமோருக்கு வந்தனர். ஹார்மெலும் லமான்ட்டும் 1946-இல் நூறு குழந்தைகளுக்கு மயக்கம் கொடுத்த பட்டறிவைக் கட்டுரையாக வெளியிட்டனர்.

1944-இல் 4 கிலோ எடையுள்ள, சாவின் விளிம்பிலிருந்த குழந்தைக்கு மயக்கம் கொடுக்க முடிந்தது. நாற்பதாண்டு கழித்து, மருந்தும் கருவியும் பன்மடங்கு மேம்பட்டிருந்த காலத்தில், குறைமாதக் குழந்தைகளின் மார்பு போதிய மயக்கமின்றித் திறக்கப்பட்டது. முன்னேற்றம் என்னும் நேர்கோட்டில் இந்த முரணைப் பொருத்த முடியாது.

முரணின் ஒரு வேர் குராரே என்னும் மருந்தில் இருக்கிறது. தென்னமெரிக்கப் பழங்குடியினர் அம்பு நுனியில் தடவிய இந்நஞ்சு தசைகளை முற்றாகச் செயலிழக்கச் செய்யும். 1940களில் அது அறுவைக்கூடத்துக்கு வந்தது. ஈதர் மட்டுமே இருந்த காலத்தில் உறக்கம், வலியின்மை, அசைவின்மை ஆகிய மூன்றையும் ஒரே மருந்து தந்தது. மயக்கம் குறைந்தால் நோயாளி அசைவார். மருத்துவர் அதைக் கண்டு மருந்தைக் கூட்டுவார். குராரே வந்தபின் அசைவின்மையை மட்டும் தனியே பெற முடிந்தது. குராரே உணர்வை மழுங்கச் செய்கிறதா என்ற ஐயமும் தொடக்கத்தில் இருந்தது. 1947-இல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தைச் சேர்ந்த ஸ்காட் ஸ்மித் என்ற மயக்கவியல் மருத்துவர் தம் உடலில் அதை ஏற்றிக்கொண்டு, முழுதும் செயலிழந்து கிடந்தார். தெளிந்தபின், அவ்வேளையில் சுற்றிலும் நடந்தது அனைத்தையும் தாம் உணர்ந்ததாக அறிவித்தார். அவர் பேசத் தெரிந்தவர். எனவே அவர் சாட்சியம் உடனே ஏற்கப்பட்டது.

லிவர்பூலில் கார்டன் ஜாக்சன் ரீஸ் 1950-இல் பச்சிளங்குழந்தைகளுக்கான ஒரு முறையை விவரித்தார். நைட்ரஸ் ஆக்சைடு வாயுவையும் குராரே வகை மருந்தையும் சேர்த்துக் கொடுப்பது அதன் சாரம். லிவர்பூல் முறை என்று பெயர்பெற்ற இது பல உயிர்களைக் காத்தது. ஆழ்ந்த மயக்கம் குழந்தையின் இரத்த அழுத்தத்தைச் சரித்துவிடும் என்ற அச்சம் வெறும் கற்பனை அன்று. அக்கால மருந்துகளால் அப்படி இறந்த குழந்தைகள் உண்டு. ஆனால் நைட்ரஸ் ஆக்சைடு ஆற்றல் குறைந்த மயக்கமூட்டி. மார்பெலும்பையும் விலாவையும் விலக்கும் அறுவைக்கு அது மட்டும் போதுமா என்பதை அசைய முடியாத குழந்தையிடம் கேட்டறிய வழியில்லை. குழந்தை அமைதியாகக் கிடந்தது என்ற குறிப்பு அறுவைப் பதிவேட்டில் ஏறியது. காலப்போக்கில் மிகச் சிறிய குறைமாதக் குழந்தைகளுக்கு நைட்ரஸ் ஆக்சைடும் விடப்பட்டு, தசைமுடக்கி மட்டுமே கொடுக்கப்படும் வழக்கம் பல இடங்களில் வந்தது.

இவ்வழக்கத்துக்கு அறிவியலின் துணையும் தேடப்பட்டது. பிறந்த குழந்தையின் நரம்பிழைகளில் மயலின் உறை முழுமையாக வளர்ந்திருக்காது. ஆகவே வலி மூளையை எட்டாது என்றது ஒரு வாதம். உறையற்ற இழைகளே பெரியவர்களிடமும் வலியைக் கடத்துவதில் பெரும்பங்கு வகிக்கின்றன. உறையின்மை செய்தியைத் தாமதப்படுத்துமேயன்றித் தடுக்காது. மர்ட்டில் மெக்ரா 1941-இல் வெளியிட்ட ஆய்வும் அடிக்கடி மேற்கோள் காட்டப்பட்டது. 75 குழந்தைகளைக் குண்டூசியால் குத்தி, அவர்களின் எதிர்வினை வயதுக்கேற்ப எப்படி மாறுகிறது என்று அவர் பதிவுசெய்தார். பிறந்து சில மணிநேரமே ஆன குழந்தைகள் சில எதிர்வினை காட்டவில்லை என்பதும், காட்டிய எதிர்வினையும் உடல் முழுதும் பரவிய குறிக்கோளற்ற அசைவாக இருந்தது என்பதும் முதிராமைக்குச் சான்றுகளாகக் கொள்ளப்பட்டன. குத்திய இடத்தைக் கையால் தொட்டுக் காட்டத் தெரியாத குழந்தைக்கு வலி தெரியாது என்பது அதிலிருந்து பிறர் வருவித்துக்கொண்ட முடிவு. மூன்றாவது வாதம் நினைவைப் பற்றியது: குழந்தைக்கு இது நினைவிருக்கப் போவதில்லை. நினைவில் நில்லாத துன்பம் துன்பமே இல்லை என்ற இக்கருத்தை எந்தப் பெரியவருக்கும் எவரும் பொருத்திப் பார்க்கத் துணியவில்லை.

இம்மூன்று வாதங்களையும் ஒன்றாக வைத்து நோக்கினால் அடியில் மொழி பற்றிய ஒரு முன்முடிபு கிடப்பது தெரியும். ஆங்கிலம், பிரெஞ்சு முதலிய மொழிகளில் குழந்தையைக் குறிக்கும் சொல்லின் மூலம் இலத்தீனின் இன்ஃபான்ஸ். பேசாதது என்பது அதன் பொருள். தமிழில் வாயில்லா ஜீவன் என்று விலங்கைச் சொல்கிறோமே, ஏறத்தாழ அதே கருத்தால் அம்மொழிகள் பிள்ளைக்குப் பெயரிட்டன. பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வலிக்கு வகுத்த புகழ்பெற்ற இலக்கணம், திசுச் சேதத்தோடு தொடர்புடைய அல்லது அத்தகைய சேதத்தின் சொற்களால் விவரிக்கப்படும் விரும்பத்தகாத அனுபவம் என்ற பொருளில் அமைந்தது. விவரிக்க இயலாதவர் அதில் எங்கே நிற்கிறார் என்பது அப்போது தெளிவாக்கப்படவில்லை. தமிழில் நோய் என்ற சொல்லே நோ என்னும் வேரிலிருந்து பிறந்தது, நோவுதான் நோய். நோவைச் சொன்னால்தான் நோய் என்று அவ்வேர் நிபந்தனை விதிக்கவில்லை.

மாற்று வழி இல்லாமலும் இல்லை. 1981-இலேயே ராபின்சன், கிரிகரி என்ற இரு மருத்துவர்கள், டக்டஸ் குழாயைக் கட்டும் அறுவைக்கு ஃபென்டனில் என்னும் ஆற்றல்மிக்க வலிநீக்கியைக் குறைமாதக் குழந்தைகளுக்குக் கொடுத்து, அவர்களின் இரத்த அழுத்தம் நிலைகுலையவில்லை என்று எழுதியிருந்தனர். வார்டின் நிலையைக் காட்டும் இன்னொரு சான்று 1983-இல் ஜூடித் பேயர் குழுவினர் வெளியிட்ட ஆய்வு. இதய அறுவை முடிந்த 50 குழந்தைகளின் பதிவேடுகளை 50 பெரியவர்களின் பதிவேடுகளோடு ஒப்பிட்டபோது, இரு குழுக்களுக்கும் கொடுக்கப்பட்ட வலிநீக்கிகளில் 70 விழுக்காடு பெரியவர்களுக்கும் 30 விழுக்காடு குழந்தைகளுக்கும் சென்றிருந்தன. இவர்கள் பெரும்பாலும் வாய்திறந்து பேசும் வயதுக் குழந்தைகள். பேசாத சிசுவின் பங்கு எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை ஊகிக்கலாம்.

1985-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வாஷிங்டன் நகரில் 26 வாரத்திலேயே பிறந்த ஓர் ஆண்குழந்தைக்கு டக்டஸ் அறுவை நடந்தது. ஐந்து வாரம் கழித்துக் குழந்தை இறந்தது. பதிவேடுகளைப் பின்னர் வாங்கிப் பார்த்த தாய், அறுவை நேரம் முழுவதும் மகனுக்குக் கொடுக்கப்பட்டது பான்குரோனியம் என்னும் தசைமுடக்கி மட்டுமே என்று அறிந்தார். மயக்கம் கொடுக்கப்படாது என்று கையெழுத்து வாங்கிய எவரும் சொல்லவில்லை. விளக்கம் கேட்டபோது, குறைமாதக் குழந்தைகளுக்கு வலி உண்டென்று எவரும் மெய்ப்பிக்கவில்லை என்ற விடை கிடைத்தது. அப்பெண் மருத்துவச் சங்கங்களுக்கும் இதழ்களுக்கும் ஓயாமல் கடிதம் எழுதினார். 1986-இல் வாஷிங்டன் போஸ்ட் நாளிதழ் செய்தி வெளியிட்டபின் பல பெற்றோர் தங்கள் குழந்தைகளின் பதிவேடுகளைத் தேடத் தொடங்கினர். மெய்ப்பிக்க வேண்டிய பொறுப்பு யாருடையது என்பதுதான் அத்தாய் எழுப்பிய கேள்வி. வலி இல்லையென்று மெய்ப்பித்தபின் மயக்கத்தை விடலாமா, வலி உண்டென்று மெய்ப்பித்தபின் மயக்கம் கொடுக்கலாமா? மருத்துவம் இரண்டாவதைத் தேர்ந்திருந்தது. அப்படித் தேர்ந்ததை உணராமலே தேர்ந்திருந்தது.

இதற்குச் சற்று முன்பே, இத்தாயை அறியாமல், ஆக்ஸ்போர்டில் இன்னொருவர் மெய்ப்பிக்கும் பணியில் இருந்தார். கன்வல்ஜீத் சிங் ஆனந்த் இந்தூரில் மருத்துவம் பயின்று, ரோட்ஸ் உதவித்தொகை பெற்று இங்கிலாந்து சென்றவர். குறைமாதக் குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றியபோது, ஓரளவு நல்ல நிலையில் அறுவைக்கூடத்துக்குச் சென்ற குழந்தைகள் வெளிறி, இரத்த அழுத்தமும் மூச்சும் குலைந்து திரும்புவதைக் கண்டதாகப் பின்னாளில் நேர்காணல்களில் கூறியிருக்கிறார். திரும்பியவர்களை நிலைப்படுத்தப் பல மணிநேரம் பிடித்தது. அறுவைக்கூடத்தில் என்ன நடக்கிறதென்று விசாரித்தபோதுதான் மயக்கம் மிகக் குறைவு என்பது அவருக்குத் தெரிந்தது. அறுவை மருத்துவர் பார்த்தது அசையாத குழந்தையை. ஆனந்த் பார்த்தது அசைவு திரும்பிய குழந்தையை. ஒரே குழந்தையை இருவர் இரு வேளையில் கண்டதே இருவரின் முடிவும் வேறுபட்டதற்குக் காரணம்.

ஆனந்த் கேள்வியை அமைத்த விதம் நுட்பமானது. குழந்தைக்கு வலி உணர்வு உண்டா என்ற தத்துவ விவாதத்துக்குள் அவர் இறங்கவில்லை. உடல் என்ன செய்கிறது என்று மட்டும் கேட்டார். சிப்பெல், ஐன்ஸ்லி-கிரீன் ஆகியோருடன் அவர் நடத்திய சோதனை 1987 ஜனவரியில் லான்செட் இதழில் வெளியாயிற்று. டக்டஸ் அறுவைக்கு வந்த 16 குறைமாதக் குழந்தைகள் சமவாய்ப்பு முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். அனைவருக்கும் நைட்ரஸ் ஆக்சைடும் குராரே வகை மருந்தும் வழக்கம்போல் கொடுக்கப்பட்டன. எண்மருக்கு மட்டும் ஃபென்டனில் சேர்க்கப்பட்டது. ஃபென்டனில் பெறாதவர்களின் இரத்தத்தில் அட்ரினலின், நார்-அட்ரினலின், குளுக்ககான் முதலிய சுரப்புகளும் சர்க்கரை, லாக்டேட் அளவுகளும் மிக அதிகமாக ஏறியிருந்தன. அறுவைக்குப் பின் இரத்த ஓட்டச் சிக்கல்களும் வளர்சிதைமாற்றச் சிக்கல்களும் அவர்களையே தாக்கின.

அவ்வளவு எண்களிலும் உள்ளத்தைத் தொடுவது சிறுநீரில் அளந்த ஒரு பொருளின் அளவு. தசைப்புரதம் சிதையும்போது மெதில் ஹிஸ்டிடின் என்றொரு கூறு வெளிப்படும். உடல் அதை மீண்டும் பயன்படுத்தாமல் சிறுநீரில் கழித்துவிடும். அறுவை முடிந்த இரண்டாம், மூன்றாம் நாள்களில் ஃபென்டனில் பெறாத குழந்தைகளின் சிறுநீரில் இதன் அளவு கூடுதலாக இருந்தது. ஒரு மணிநேரத்துக்கு மேல் நீளாத அறுவையின் வேதனைக்காக, இருந்த கொஞ்சத் தசையையும் அவ்வுடல்கள் மூன்றாம் நாளும் கரைத்துக்கொண்டிருந்தன. எடை கூடுவதொன்றே பிழைப்பதற்கான வழியாக இருக்கும் குறைமாதக் குழந்தைக்கு இது சிறிய இழப்பன்று.

இச்சோதனை கண்டனத்துக்கும் ஆளானது. எட்டுக் குழந்தைகளுக்கு வலிநீக்கி கொடுக்காமல் எப்படி அறுவை செய்யலாம் என்று பிரிட்டனில் குரல்கள் எழுந்தன. கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த எண்மர் பெற்றது அன்று ஊரெங்கும் நடைமுறையிலிருந்த சிகிச்சை. சோதனைக்கு வெளியே அதே நிலையில் அறுவை பெற்ற குழந்தைகளுக்காக அதுவரை எவரும் குரலெழுப்பியிருக்கவில்லை. நடைமுறை என்ற பெயரில் நிகழ்வது கண்ணுக்குப் படாது. ஆய்வு என்ற பெயரில் அதையே பதிவுசெய்தால் உறுத்தும்.

அதே 1987-இல் அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம், வயதையோ மூளை முதிர்ச்சியையோ மட்டும் காரணம் காட்டிப் பச்சிளங்குழந்தைக்கு மயக்கத்தை மறுக்கலாகாது என்று அறிக்கை வெளியிட்டது. அறிக்கை வந்தவுடன் எல்லாம் மாறிவிடவில்லை. பிரிட்டனின் குழந்தை மயக்கவியல் மருத்துவர்களிடம் நடத்தப்பட்டு 1988-இல் வெளியான ஒரு கணக்கெடுப்பு, அவர்களில் பெரும்பாலோர் சிசுக்களுக்கு வலி உண்டென்று நம்பியதையும், ஆனால் அறுவைக்குப் பின் ஆற்றல்மிக்க வலிநீக்கியை எழுதிக் கொடுத்தவர்கள் சிலரே என்பதையும் காட்டியது. நம்பிக்கைக்கும் கைக்கும் இடையே மூச்சு நின்றுவிடுமோ என்ற அச்சம் நின்றது.

அந்த அச்சத்தைத் தளர்த்தியது 1992-ஆம் ஆண்டின் முதல் வாரத்தில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆனந்தும் பால் ஹிக்கியும் எழுதிய கட்டுரை. இது முழுமையான இதய அறுவைக்குள்ளான 45 பச்சிளங்குழந்தைகளைப் பற்றியது. 30 பேருக்கு அறுவையின்போது ஆழ்ந்த மயக்கமும் அடுத்த 24 மணிநேரம் இடைவிடாத வலிநீக்கியும் தரப்பட்டன. 15 பேருக்கு அக்கால வழக்கப்படி இலேசான மயக்கமும், பின்னர் விட்டு விட்டு மார்ஃபினும் தரப்பட்டன. பதினைவரில் நால்வர் இறந்தனர். முப்பதின்மரில் ஒருவரும் இறக்கவில்லை. குருதித்தொற்றும் இரத்த உறைவுக் கோளாறும் முதற்குழுவில் குறைவாக இருந்தன. வலிநீக்கம் என்பது தேறுவதற்குத் தடையாக இருக்கும் ஓர் இரக்கச் செயல் என்றிருந்த எண்ணம் இதனால் தலைகீழாயிற்று. வலி நீங்கியவர்கள்தான் தேறினார்கள். அறுவை முறைகள் மேம்பட்டபின் செய்யப்பட்ட சில ஆய்வுகளில் இவ்வளவு பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். 45 என்பது சிறிய எண்ணிக்கை. ஆனால் மயக்கமின்றி அறுப்பதே பாதுகாப்பு என்று வாதிட அதன்பின் எவரும் முன்வரவில்லை.

உடல் வேதியியல் சாட்சி சொல்லிவிட்டது; ஆனால் ஒவ்வொரு மணிநேரமும் இரத்தமெடுத்து அட்ரினலினை அளந்துகொண்டிருக்க முடியாது. கட்டிலருகே நிற்கும் செவிலிக்குக் குழந்தையைப் படிக்கும் முறை தேவைப்பட்டது. மொழியியல் மாணவர்களுக்கு ஆர்வமூட்டும் பகுதி இதுவே. ஃபின்லாந்து, சுவீடன் ஆய்வாளர்கள் 1968-இலேயே குழந்தைகளின் அழுகையை ஒலிவரைவியில் பதிந்து, பிறப்பழுகை, பசியழுகை, வலியழுகை எனச் சுருதியாலும் நீளத்தாலும் பிரித்துக் காட்டியிருந்தனர். 1987-இல் கனடாவின் ரூத் குருநாவும் கென்னத் கிரெய்க்கும் முகத்தை எடுத்துக்கொண்டனர். புருவம் புடைத்தல், கண் இறுக மூடுதல், மூக்கோரக் கோடு ஆழமாதல், வாய் நெடுக்காக விரிதல், குறுக்காக விரிதல், நா விறைத்தல், மோவாய் நடுங்குதல் எனப் பத்து அசைவுகளை வகுத்தனர். ஓர் ஒலியனை அதன் கூறுகளாகப் பகுப்பதை ஒத்த வேலை அது. குத்தியது இடையூறா வலியா என்பதை அக்கூறுகளின் சேர்க்கை காட்டியது.

இவற்றைப் படிக்கத் தாய்க்கு அட்டவணை வேண்டியதில்லை என்று தோன்றலாம். ஆனால் அன்று தாய் எங்கே இருந்தாள்? இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மேலைநாட்டு மருத்துவமனைகள் பல பெற்றோரைப் பார்வை நேரத்தில் மட்டுமே அனுமதித்தன. தொற்றுப் பரவும் என்பதும், தாயைக் கண்டால் பிள்ளை அழும் என்பதும் காரணங்கள். ஜேம்ஸ் ராபர்ட்சன் 1952-இல் எடுத்த ஆவணப்படம் மருத்துவமனையில் தனித்துவிடப்பட்ட இரண்டு வயதுச் சிறுமியைக் காட்டி அவ்வழக்கத்தைக் கேள்விக்குட்படுத்தியது. 1959-இல் பிரிட்டனின் பிளாட் அறிக்கை பெற்றோருக்குக் கட்டுப்பாடற்ற அனுமதியைப் பரிந்துரைத்தது. குழந்தையின் முகத்தை நன்கறிந்த வாசகரை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு, குழந்தை எதையும் சொல்லவில்லை என்று உள்ளே முடிவெடுத்த காலம் அது.

இன்றைய சிக்கல் வேறு. ஃபென்டனில், மார்ஃபின் ஆகியவற்றை நாள்கணக்கில் பெற்ற குழந்தையின் உடல் அவற்றுக்குப் பழகிவிடும். திடீரென நிறுத்தினால் நடுக்கம், தும்மல், கொட்டாவி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை, கீச்சென்ற அழுகை எல்லாம் தோன்றும். மருந்தைப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்; சில குழந்தைகள் குறைக்கும் மருந்துடனே வீடு செல்கின்றன. மயக்க மருந்து நீண்ட நேரமோ பலமுறையோ கொடுக்கப்படின் மூன்று வயதுக்குட்பட்டோரின் மூளை வளர்ச்சி பாதிக்கப்படக்கூடும் என்று 2016-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது. எனவே மருந்து போதாததும் கேடு, மிகுவதும் கேடு. அறுவை முடிந்த ஐந்தாம் நாள் குழந்தை அழும்போது அது வலியா, பசியா, மருந்து குறைந்த தவிப்பா? ஒரே வடிவம், மூன்று பொருள். சூழலைக் கொண்டே பொருள்கொள்ள வேண்டும்: கடைசியாக எப்போது பால் கொடுக்கப்பட்டது, எப்போது மருந்தளவு குறைக்கப்பட்டது, தூக்கி அணைத்தால் அடங்குகிறதா?

வலியின் இலக்கணமும் திருத்தப்பட்டது. 1996-இல் ஆனந்தும் கிரெய்க்கும் பழைய வரையறை பேசாதவர்களை விட்டுவிடுகிறது என்று எழுதினர். 2020-இல் பன்னாட்டு வலி ஆய்வுச் சங்கம் வெளியிட்ட புதிய வரையறை விவரித்தல் என்ற பகுதியைக் கைவிட்டது. சொல்லால் விவரிப்பது வலியை வெளிப்படுத்தும் பல வழிகளுள் ஒன்றே என்றும், பேச இயலாமை வலியின் இருப்பை மறுக்காது என்றும் அதனுடன் குறிப்புகளைச் சேர்த்தது. தசைமுடக்கி கொடுக்கப்பட்ட குழந்தைக்கு முகமும் இல்லை, அழுகையும் இல்லை. இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமுமே மிச்சம். அவற்றையும் இதய மருந்துகள் மாற்றிவிடும் என்பதால், அத்தகைய குழந்தைக்கு வலி உண்டென்றே கொண்டு மருந்து கொடுப்பது இன்றைய நெறி. மெய்ப்பிக்கும் பொறுப்பு இடம் மாறிவிட்டது.

வார்டுகளில் பரவலாகப் புழங்கும் வலி அட்டவணைகளுள் ஒன்று 1993-இல் கனடாவில் வெளியானது. முகம், அழுகை, மூச்சு, கைகள், கால்கள், விழிப்பு நிலை என ஆறு பத்திகள். அழுகைக்கு மட்டும் சுழியம் முதல் 2 வரை மதிப்பெண். அழாவிட்டால் சுழியம், முனகினால் 1, வீறிட்டு அழுதால் 2. அப்பத்தியின் அடியில் ஒரு சிறு குறிப்பு உண்டு: மூச்சுக்குழாயில் குழாய் பொருத்தப்பட்ட குழந்தையின் வாயும் முகமும் அழுவதைத் தெளிவாகக் காட்டினால், ஓசை இல்லாவிட்டாலும் அதை வீறிட்ட அழுகையாகவே கொண்டு 2 இடலாம்.